வாசகர் கேள்வி பதில்: பேனாவைப் பிடுங்காம சொல்லிக்கொடுக்கணும்

கேள்வி: என் பொண்ணு அமெரிக்காவுல, போல்டர்ல இருக்கிற கொலராடோ யுனிவர்சிட்டில பிசிக்ஸ் மூணாவது வருஷம். இந்த செமஸ்டர் 'லெர்னிங் அசிஸ்டென்ட்'டா எடுத்திருக்காங்களாம், முதல் வருஷப் பசங்களுக்கு கிளாஸ்லயே கூட இருந்து உதவணுமாம், அதுக்கு இவ தனியா ஒரு வகுப்புக்கு வேற போகணுமாம். நல்லா படிக்கிறவளுக்கு சொல்லிக்கொடுக்கத் தெரியாதா, டிரெயினிங் எதுக்கு? இவ படிப்பு கெட்டுடுமோன்னு பயமா இருக்கு.
- பெயர் வேண்டாம், திருச்சி

பதில்: பயப்படாதீங்கம்மா, சந்தோஷப்படுங்க. அந்தத் திட்டம் பொறந்த ஊரே போல்டர்தான், 2003ல ஆரம்பிச்சாங்க, மத்த காலேஜுக்கெல்லாம் அங்கேர்ந்துதான் பரவுச்சு.

நல்லா படிச்சா சொல்லிக்கொடுக்க வந்துடும்னுதான் நானும் ரொம்ப நாள் நம்பிட்டிருந்தேன். காலேஜ்ல பிசிக்ஸ் எடுத்துட்டிருந்தப்ப ஒருநாள், முதல் மார்க் எடுக்கிற பையனை தடுமாறிட்டிருந்த ரெண்டு பேர் பக்கத்துல உக்கார வச்சேன். அரை நிமிஷம் பாத்தான், பக்கத்துல இருந்தவன் கையில இருந்த பேனாவை வாங்கினான், நாலு வரியில கணக்கை முடிச்சு "புரிஞ்சுதா?"ன்னான், ரெண்டு பேரும் தலையாட்டினாங்க. அடுத்த வாரம் அதே கணக்கை நம்பர் மட்டும் மாத்தி டெஸ்ட்ல குடுத்தேன், ரெண்டு பேப்பர்லயும் முதல் வரிக்கு மேல ஒண்ணுமில்ல. அந்தப் பையன் மேல தப்பே இல்ல, என்ன பண்ணணும்னு நான் அவனுக்கு சொல்லிக்குடுக்கல.

உங்க பொண்ணு போற வகுப்புல இதத்தான் சொல்லித்தராங்க. எப்படிக் கேள்வி கேக்கணும், பதில் தப்பா வந்தா உடனே திருத்தாம அவங்க எப்படி யோசிச்சாங்கன்னு எப்படி தெரிஞ்சுக்கணும், இதெல்லாம். அதோட வாராவாரம் புரொபசரோட உக்காந்து, அடுத்து வரப்போற பாடத்துல பசங்க எங்க வழுக்குவாங்கன்னு முன்னாடியே பேசி வச்சுக்குவாங்க. உதாரணத்துக்கு, ஒரு லாரியும் சின்ன காரும் மோதுது, எது மேல விசை அதிகம்? நிறைய பேர் கார் மேலதான்னு சொல்லுவாங்க. "ரெண்டும் சமம், நியூட்டன் மூணாவது விதி"ன்னு சொல்லிட்டு நகர்ந்தா அவன் நோட்டுல எழுதிக்குவான், ஆனா மனசுல கார்தான் இருக்கும். பழகின பொண்ணு, "எத வச்சு கார்னு சொல்றே?"ன்னு கேப்பா. "அதுதானே அதிகமா நசுங்குது"ம்பான். "சரி, நசுங்குறதும் விசையும் ஒண்ணா?"ன்னு கேட்டுட்டு சும்மா நிப்பா.

அந்த சும்மா நிக்கிறதுதாங்க கஷ்டமே. மேரி பட் ரோன்னு ஒரு அமெரிக்கக் கல்வி ஆராய்ச்சியாளர் அம்மா, 1970கள்ல பள்ளிக்கூட வகுப்புகளை டேப் பண்ணி அளந்து பாத்தாங்க, டீச்சருங்க கேள்வி கேட்டுட்டு சராசரியா ஒரு செகண்டுதான் காத்திருக்காங்க. அத மூணு செகண்ட் ஆக்கினதுமே பதில் நீளமாச்சு, வாயே தொறக்காத பிள்ளைங்களும் பேசினாங்க. மூணே செகண்ட்தான், ஆனா விடை தெரிஞ்சவங்களுக்கு அது மூணு நிமிஷம் மாதிரி இருக்கும், பழகாம வராது.

படிப்பு கெடாதும்மா. வாரத்துல கொஞ்சம் மணி நேரம் போகும், அத டைம்டேபிள்ல ஒதுக்கச் சொல்லுங்க. ஒரே விஷயத்தை நாலு பேர் நாலு விதமா தப்பா யோசிக்கிறத பக்கத்துல இருந்து கேட்டவளுக்கு அந்தப் பாடம் ஆயுசுக்கும் மறக்காது. இன்னொண்ணு, நல்ல சயின்ஸ், கணக்கு டீச்சர்களை உருவாக்கணும்ங்கிறதும் அந்தத் திட்டத்தோட நோக்கம், நாளைக்கு அவ "டீச்சராகப் போறேன்"னு வந்து நின்னா தடுக்காதீங்க.

கேள்வி: எங்க காலேஜ்ல ஒரு வகுப்புக்கு 60 பேர், நகர்த்த முடியாத பெஞ்சு. இங்க சீனியர் பசங்களை வகுப்புல உதவ வைக்கிறதெல்லாம் நடக்குமா?
- உதவிப் பேராசிரியர், ஈரோடு

பதில்: நடக்கும் சார். ஹார்வர்டுல எரிக் மசூர்னு ஒரு பிசிக்ஸ் புரொபசர், பசங்க ஒருத்தருக்கொருத்தர் பேசிக் கத்துக்கிற முறைய 1991ல ஆரம்பிச்சது பெரிய லெக்சர் ஹால்லதான். ஒரு கேள்வி போடுவார், தனியா யோசிச்சு ஓட்டு போடணும், அப்புறம் பக்கத்துல இருக்கிறவங்களோட வாதாடணும், மறுபடி ஓட்டு. இதுக்கு பெஞ்ச நகர்த்தவே வேணாம். ஒரு வரிசை விட்டு ஒரு வரிசை காலியா விடுங்க, உதவுற பசங்க உள்ள நுழைஞ்சு போக வழி வேணும்.

ஆள் எடுக்கிறப்ப முதல் ரேங்க்கை மட்டும் பாக்காதீங்க, போன வருஷம் அதே பேப்பர்ல திணறி மேல வந்த பிள்ளைங்களையும் எடுங்க, எங்க குழி இருக்குன்னு அவங்களுக்குத்தான் தெரியும். தயவுசெஞ்சு அட்டெண்டன்ஸ் எடுக்க, பேப்பர் திருத்த அவங்களை விடாதீங்க, மார்க் போடுறவன்கிட்ட யாரும் "எனக்குப் புரியல"ன்னு சொல்ல மாட்டாங்க. வாரம் ஒரு மணி நேரம் நீங்க அவங்களோட உக்காரணும், அது இல்லாம ஆரம்பிக்கவே வேணாம்.

கேள்வி: நான் ஜூனியர்ஸுக்கு உதவுறேன். ஒரு குரூப்ல ஒரு பொண்ணு பேசவே மாட்டேங்குது, என்ன பண்றது?
- மாணவி, மதுரை

பதில்: நின்னுட்டு பேசாதம்மா, அவங்க உயரத்துக்கு உக்காந்துக்கோ. "நீ சொல்லு"ன்னு அந்தப் பொண்ண எல்லார் முன்னாடியும் கேக்காதே, எல்லாரையும் முதல்ல ரெண்டு நிமிஷம் அவங்கவங்க நோட்டுல எழுதச் சொல்லு. அவ எழுதினதுல சரியான ஒரு வரியாவது இருக்கும், அதக் காட்டி "இத எப்படி யோசிச்சே?"ன்னு மெதுவா கேளு. அப்புறம் மூணு செகண்ட்.