சூறாவளிப் பருவம்: மின்சாரம் போன பிறகு உயிர்களைக் காப்பது எப்படி?

கேள்வி: ஃபுளோரிடாவில் ஒரு கவுண்டி (மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) சுகாதாரத் துறையில் புதிதாகச் சேர்ந்திருக்கிறேன். ஜூன் 1-ல் சூறாவளிப் பருவம் தொடங்கிவிடும். எதிலிருந்து ஆரம்பிப்பது?

மின்சாரத்தை நம்பி உயிர் வாழ்பவர்களின் பட்டியலிலிருந்து. காற்று ஒரே நாளில் ஓய்ந்துவிடும். மின்வெட்டு வாரக்கணக்கில் நீளும். 2017-ல் இர்மா புயலுக்குப் பின் ஃபுளோரிடாவிலேயே உள்ள ஹாலிவுட் நகரில் ஒரு முதியோர் இல்லத்தில் ஏ.சி. நின்றது. கட்டடம் இடியவில்லை. பக்கத்திலேயே மருத்துவமனை மின்சாரத்தோடு இயங்கிக்கொண்டிருந்தது. அப்படியும் 12 பேர் வெப்பத்தில் இறந்தார்கள். அதன் பிறகுதான், மின்சாரம் போனாலும் 96 மணி நேரம் உள்ளே 81 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டாமல் வைத்திருக்க ஜெனரேட்டரும் எரிபொருளும் வேண்டும் என்ற விதி அம்மாநிலத்தில் வந்தது. ஆய்வு செய்யும் அதிகாரம் வேறு துறையிடம் இருந்தாலும் கேளுங்கள்: ஏ.சி.யின் முழுச் சுமையோடு ஜெனரேட்டரை ஓட்டிப் பார்த்தார்களா? சும்மா ஸ்டார்ட் செய்து அணைப்பது சோதனை ஆகாது.

வீடுகளில் இருப்பவர்களுக்கு அமெரிக்க மத்திய அரசின் எம்பவர் (emPOWER) வரைபடம் உதவும். மின்கருவிகளை நம்பியுள்ள மெடிகேர் (முக்கியமாக முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடு) பயனாளிகள் எத்தனை பேர் என்று ஜிப் கோடு (அஞ்சல் குறியீடு) வாரியாக அது காட்டும். வீட்டில் வென்டிலேட்டரில் இருக்கும் குழந்தைகள் பெரும்பாலும் அதில் வர மாட்டார்கள். அவர்களுக்குக் கருவி வாடகைக்குக் கொடுக்கும் நிறுவனங்களையும் குழந்தை மருத்துவர்களையும் பிடித்து, பேரிடரில் உதவி தேவைப்படுவோருக்கான சிறப்புத் தேவைப் பதிவேட்டில் அந்தக் குடும்பங்களைச் சேரச் சொல்லுங்கள். இதெல்லாம் மே மாதத்து வேலை.

கேள்வி: வீட்டில் ஆக்சிஜன் எடுப்பவர்களுக்கு சிலிண்டர் கொடுத்துவிட்டால் போதாதா?

கணக்குப் போட்டுப் பாருங்கள். கையில் தூக்கிச் செல்லும் 'ஈ' அளவு சிலிண்டரில் சுமார் 680 லிட்டர். நிமிடத்துக்கு 2 லிட்டர் வீதம் ஐந்தரை மணி நேரம். கொஞ்சம் மிச்சம் வைத்து மாற்றினால் ஐந்துதான். மூன்று நாளைக்கு ஒருவருக்கே 15 சிலிண்டர் வேண்டும். மரம் விழுந்த தெருக்களில் யார் கொண்டுபோய்க் கொடுப்பது? ஆளை மின்சாரம் உள்ள முகாமுக்குக் கொண்டுவருவதுதான் நடக்கிற காரியம். சிலிண்டர் பயணத்துக்கு மட்டும்.

டயாலிசிஸ் நோயாளிகளுக்குப் புயலுக்கு முன்பே ஒரு முறை முடித்துவிட வேண்டும். மூன்று நாள் அவசர உணவுமுறையும் கையில் இருக்க வேண்டும். ஒரு சிகிச்சைக்கு 120 லிட்டருக்கு மேல் சுத்தமான தண்ணீர் செலவாகும். ஆகவே மின் இணைப்போடு குடிநீர் இணைப்பையும் முதலில் சரிசெய்ய வேண்டிய இடங்களின் பட்டியலில் இந்த மையங்களைச் சேர்க்கச் சொல்லிப் போராடுங்கள்.

கேள்வி: தடுப்பூசி ஃபிரிட்ஜை என்ன செய்வது?

ஹரிகேன் வாட்ச் (சூறாவளி வரலாம் என்ற முன்னறிவிப்பு) வந்த அன்றே தடுப்பூசிகளை மின்சாரம் உறுதியாக உள்ள இடத்துக்கு மாற்றுங்கள். பலமான காற்று வீசத் தொடங்குவதற்குச் சுமார் 48 மணி நேரம் முன்பு வாட்ச் வரும், 36 மணி நேரம் முன்பு வார்னிங் (சூறாவளி வரும் என்ற எச்சரிக்கை). வார்னிங் வரட்டும் என்று காத்திருந்தால் சாலை முழுக்க வெளியேறும் வண்டிகள் நிற்கும்.

தடுப்பூசி கெடுவது சூட்டினால் மட்டுமல்ல, அவசரத்தில் ஐஸ் ஜெல் பாக்கெட்டை ஒட்டி அடுக்குவதாலும்தான். ஹெபடைடிஸ் பி, டீடேப் (தொண்டை அடைப்பான், டெட்டனஸ், கக்குவான் இருமல் தடுப்பூசி) போன்றவை உறைந்தால் வீரியம் போய்விடும்; தூக்கி எறிய வேண்டியதுதான். அரை லிட்டர் தண்ணீர் பாட்டில்களை உறையவைத்து, எடுத்ததும் குழாய்த் தண்ணீரில் காட்டுங்கள். உள்ளே பனிக்கட்டி தளர்ந்து சுழல வேண்டும்; அதுதான் பதம். பெட்டியின் அடியில் பாட்டில், மேலே அட்டை, ஓர் அங்குலம் பபிள் ரேப், அதன்மேல் தடுப்பூசியும் வெப்பமானியின் முனையும், மறுபடி பபிள் ரேப், அட்டை, பாட்டில். எட்டு மணி நேரம் வரை 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் நிற்கும். பருவம் தொடங்கும் முன் காலிப் பெட்டியில் ஒருமுறை அடுக்கிப் பழகுங்கள்.

கேள்வி: புயலுக்குப் பிறகு மக்களிடம் எதை அழுத்திச் சொல்ல வேண்டும்?

ஜெனரேட்டர். 2020-ல் லாரா புயலுக்குப் பின் லூசியானாவில் அதன் கார்பன் மோனாக்சைடு புகை பல உயிர்களைக் குடித்தது. வீட்டிலிருந்து 20 அடிக்கு அப்பால், ஜன்னலை நோக்காமல் வைக்க வேண்டும். கராஜ் கதவைத் திறந்துவைத்தாலும் ஆபத்துதான். மின்சாரம் போன பிறகு சொன்னால் காதில் விழாது. டிவி இருக்காது, போனில் சார்ஜ் இருக்காது. ஜெனரேட்டர் விற்கும் கடைகளிலேயே ஆங்கிலம், ஸ்பானிஷ், ஹெய்ட்டியன் கிரியோலில் துண்டுச்சீட்டு கொடுங்கள்.

கிளினிக்குகளுக்கும் ஒரு வார்த்தை: விரலில் மாட்டும் சாதாரண ஆக்சிமீட்டர் இந்த விஷத்தைக் காட்டாது, ஆக்சிஜன் அளவு இயல்பாக 98 சதவீதம் என்பதுபோலவே காட்டும். ஒரே வீட்டில் பலருக்குத் தலைவலி, குமட்டல் என்றால் ரத்தத்தில் கார்பாக்சிஹீமோகுளோபின் (கார்பன் மோனாக்சைடு ஒட்டிக்கொண்ட ஹீமோகுளோபின்) அளவைப் பார்க்க வேண்டும்.

கேள்வி: குடிநீர்?

கொதி வந்தபின் ஒரு நிமிடம் கொதிக்கவிட்டால் போதும். மின் அடுப்பு மட்டுமே உள்ள வீடுகளில் அதற்கு வழியில்லை. அங்கே, வாசனை சேர்க்காத சாதாரண 6 சதவீத ப்ளீச் ஒரு காலனுக்கு (சுமார் 3.8 லிட்டர்) 8 சொட்டு விட்டுக் கலக்கி 30 நிமிடம் வைக்கலாம். தண்ணீர் கலங்கலாக இருந்தால் துணியில் வடிகட்டிவிட்டு 16 சொட்டு. எண்ணெயோ ரசாயனமோ கலந்த தண்ணீருக்கு இரண்டுமே உதவாது. பாட்டில் தண்ணீர்தான் கொடுக்க வேண்டும்.