டாலர் தேசத்தில் ஒழுகும் கூரை

அன்புள்ள ஆசிரியருக்கு,

என் சித்தப்பா மகன் குருவானவர். அமெரிக்காவின் மேற்கே ஒரு மலைப் பங்கில் இருக்கிறார். அங்கே கோயில் கூரை ஒழுகியதற்கு, அமெரிக்காவின் ஏழைப் பங்குகளுக்கு உதவும் சிகாகோவிலுள்ள கத்தோலிக்க எக்ஸ்டென்ஷன் சங்கம் பணம் கொடுத்ததாம். ஊருக்கெல்லாம் படியளக்கும் தேசத்தில் கோயிலுக்கு உண்டியல் குலுக்குவதா? அந்தப் பணத்தை ஆப்பிரிக்காவுக்கு அனுப்பினால் என்ன?

வாசகி, தூத்துக்குடி

அன்புள்ள சகோதரி,

தேசம் பணக்காரத் தேசம்தான், பங்கு அப்படியல்ல. கோயில் செலவைப் பெரும்பாலும் அந்தந்தப் பங்கு மக்களின் ஞாயிறு காணிக்கைதான் தாங்குகிறது. நாற்பது குடும்பம் உள்ள ஊரின் காணிக்கைத் தட்டில் நியூயார்க்கின் செல்வம் வந்து விழாது.

இதைக் கண்கூடாகப் பார்த்தவர் பிரான்சிஸ் கெல்லி, மிச்சிகன் மாநிலத்தில் லபீர் என்ற சிற்றூரின் பங்குத்தந்தை. சொற்பொழிவாற்றப் போன இடங்களில் சக குருக்கள் கொட்டகைகளில் காலம் தள்ளுவதைக் கண்டு, அதைப் பற்றி எழுதினார். 1905 அக்டோபரில் சிகாகோவில் இந்த எக்ஸ்டென்ஷன் சங்கம் பிறந்தது.

மனிதர் காசு கேட்பதில் கெட்டிக்காரர். பாப்டிஸ்ட் என்ற புராட்டஸ்டண்ட் சபையார் ரயில் பெட்டியையே ஆலயமாக்கி ஓட்டிக்கொண்டிருந்தார்கள். இவரும் 1907இல் புனித அந்தோணியார் பெயரில் ஒரு பெட்டியை விட்டார். உள்ளே பீடம், இருக்கைகள். ஒரு பக்கம் குருவானவர் படுக்கவும் சமைக்கவும் இடம். ஊர் வந்ததும் கழற்றிப் பக்கத் தண்டவாளத்தில் நிறுத்திவிடுவார்கள். மக்கள் ஏறிப் பூசை காண்பார்கள். விளம்பரம்தானே என்பீர்கள். ஆமாம், விளம்பரமும்தான். எனக்கு அதில் குறை தெரியவில்லை.

ஆப்பிரிக்காவுக்குத் திரட்ட வேறு சங்கங்கள் இருக்கின்றன. தூர தேசத்துக்கென்றால் கை தானாக நீளும், பக்கத்து மாநிலத்துக்குக் கேட்டால்தான் "அவர்களுக்கென்ன குறைச்சல்?" என்பார்கள். கோபிக்க வேண்டாம், நீங்கள் கேட்டதும் கிட்டத்தட்ட அதுதான்.

பிரான்சின் லியோன் நகரில் போலின் ஜாரிகோ என்ற பெண், மறைபரப்புப் பணிக்கென ஆலைத் தொழிலாளரிடம் வாரத்துக்கு ஒரு சல்லி என்று திரட்டத் தொடங்கினார். அந்த வழியில் 1822இல் உருவான சங்கத்தின் முதல் உதவி சீனாவுக்கு மட்டும் போகவில்லை. அமெரிக்காவின் லூசியானாவுக்கும் கென்டக்கிக்கும் போனது. 1908 வரை ரோமாபுரியின் கணக்கில் அமெரிக்காவே மறைபரப்பு நாடுதான், அதாவது திருச்சபை இன்னும் வேரூன்றாத நாடு. அந்த நாடு தன் ஏழைப் பங்குகளைத் தானே பார்த்துக்கொள்வதைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

உங்கள் சகோதரரிடம் ஒன்று கேட்டு எழுதுங்கள்: ஞாயிற்றுக்கிழமை எத்தனை கோயில்களுக்குக் காரோட்டிப் போய்ப் பூசை வைக்கிறார், பனிக்காலத்தில் என்ன செய்கிறார்?