கல்லூரி வளாகத்து நாய்கள் – கடிதம்

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சென்னையில் பி.காம் இரண்டாமாண்டு படிக்கிறேன். சொந்த ஊர் தேனிப் பக்கம். எங்கள் என்எஸ்எஸ் (நாட்டு நலப்பணித் திட்டம்) குழு ஞாயிறுதோறும் ஒரு விலங்குகள் காப்பகத்துக்குப் போய்க் கூண்டு கழுவுவது, சோறு வைப்பது என்று உதவி வருகிறது. எங்கள் கல்லூரிக்குள்ளும் ஐந்து நாய்கள் இருக்கின்றன. உச்ச நீதிமன்ற உத்தரவுப்படி அவற்றைப் பிடித்துக் காப்பகத்துக்கு அனுப்பப்போகிறார்களாம். அதில் மணி என்ற பழுப்பு நிறப் பெட்டைநாய் எங்களோடு ரொம்பவே ஒட்டிக்கொண்டவள். நாங்கள் நான்கு பேர் வாடகைக்குத் தங்கியிருக்கும் அறைக்கே அவளைத் தத்தெடுத்துக் கூட்டிவந்துவிடலாமா என்று யோசிக்கிறோம். செலவைப் பங்கு போட்டுக்கொள்வோம். அம்மாவிடம் சொன்னால், "நாயெல்லாம் வீட்டுக்குள்ள ஏறக்கூடாது" என்கிறார். வகுப்பில் சிலர், "மனுஷனுக்கே வழியில்ல, இதுங்க நாய்க்குச் சோறு வைக்கப் போகுதுங்க" என்கிறார்கள். 240 மணி நேரக் கணக்கை முடித்துச் சான்றிதழ் வாங்கத்தான் போகிறோம் என்றும் பேச்சு. மனசு கஷ்டமாக இருக்கிறது. நாங்கள் செய்வது சரிதானா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட மாணவி)

அன்புள்ள தங்கைக்கு,

மணியை உங்கள் அறைக்குக் கூட்டிவர வேண்டாம். உங்களுக்குப் பாசம் போதவில்லை என்று நான் நினைக்கவில்லை. ஒரு நாட்டு நாய் நல்லபடியாகப் பன்னிரண்டு, பதினான்கு வருடம் வாழும். உங்கள் படிப்பு அடுத்த வருடம் முடிகிறது. ஏப்ரலில் தேர்வு முடிந்ததும் நால்வரும் நாலு ஊருக்குப் பெட்டி கட்டுவீர்கள். அந்த மே மாதம் மணி யாரிடம் இருப்பாள்? வீட்டுக்காரர் ஒத்துக்கொண்டாரா? ஒருத்திக்கு பெங்களூரில் வேலை, இன்னொருத்திக்குக் கல்யாணம் என்றானால் அவள் யாருடைய நாய்? நால்வரின் நாய் என்பது பெரும்பாலும் கடைசியில் யாருடைய நாயும் இல்லை என்றுதான் முடிகிறது. சோற்றுக்கும் படுக்கைக்கும் பழகிய நாயைத் திரும்பத் தெருவில் விட்டால் முதல் வாரமே வண்டியில் அடிபடும், இல்லையென்றால் அந்தத் தெரு நாய்கள் கடித்துக் குதறும். 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி, பசியிலும் தாகத்திலும் தவிக்கும்படி ஒரு பிராணியைக் கைவிடுவது குற்றம். தெருநாய்களை மாநகராட்சியிடம் விண்ணப்பித்துத் தத்தெடுக்கலாம் என்று 2025 ஆகஸ்ட் 22 உத்தரவில் சொன்ன உச்ச நீதிமன்றமும், எடுத்த நாய் மறுபடி தெருவுக்கு வராமல் பார்த்துக்கொள்வது எடுத்தவரின் பொறுப்பு என்று சேர்த்தே சொன்னது.

நீங்கள் குறிப்பிடும் உத்தரவு அதே ஆண்டு நவம்பர் 7-இல் வந்தது. கல்வி நிலையங்கள், மருத்துவமனைகள், பேருந்து நிலையங்கள், ரயில் நிலையங்கள், விளையாட்டு வளாகங்கள் ஆகியவற்றில் இருக்கும் நாய்களைப் பிடித்து, கருத்தடையும் தடுப்பூசியும் செய்து காப்பகத்தில் சேர்க்க வேண்டும், பிடித்த இடத்திலேயே திரும்ப விடக்கூடாது என்பது அதன் சாரம். அதுவரை நடைமுறை வேறாக இருந்தது. 2023-ஆம் ஆண்டின் விலங்குப் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகளின்படி கருத்தடை செய்த நாயைப் பிடித்த தெருவிலேயே விட வேண்டும். இந்த மாற்றத்தால் காப்பகங்களில் நெரிசல் கூடத்தான் செய்யும். அங்கே போய்ச் சேரும் நாய்க்கு ஒரு எண் கிடைக்கும், "பழுப்பு, பெட்டை, வயது வந்தது" என்று ஒரு வரி எழுதுவார்கள். அந்த ஒரு வரியைப் படித்துவிட்டு யார் வந்து தத்தெடுப்பார்கள்?

உங்களைப் போன்றவர்களால்தான் முடியும் என்று நான் நம்பும் வேலை இதுதான். அந்த ஐந்து நாய்களையும் உங்களைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் யாரும் கிடையாது. மணி குழந்தைகளைக் கண்டால் வாலாட்டுவாளா, ஒதுங்குவாளா? பூனையைத் துரத்துவாளா? கம்பு வைத்திருக்கும் ஆளைக் கண்டால் பதுங்குவாளா? காதில் வெட்டு அடையாளம் இருக்கிறதா? (இருந்தால் கருத்தடை ஆகிவிட்டது என்று அர்த்தம்.) தடுப்பூசி போட்ட தேதி யாரிடமாவது இருக்கிறதா? இடிச் சத்தத்துக்கு எங்கே போய் ஒளிவாள்? இதையெல்லாம் ஒவ்வொரு நாய்க்கும் ஒரு பக்கம் எழுதுங்கள். கல்யாணத்துக்கு ஜாதகம் எழுதுவதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் இதில் எந்தத் தோஷத்தையும் மறைக்கக்கூடாது. மணி சோற்றுத் தட்டுப் பக்கம் யாராவது வந்தால் உறுமுவாள் என்றால் அதையும் எழுத வேண்டும். மறைத்துக் கொடுத்த நாய் பத்தே நாளில் திரும்பி வரும், இரண்டாவது முறை அதற்கு வீடு கிடைப்பது இன்னும் கஷ்டம். பகல் வெளிச்சத்தில், நாயின் கண் மட்டத்துக்குக் குனிந்து இரண்டு நல்ல படம் எடுங்கள். பிறகு பேராசிரியர்கள், அலுவலகப் பணியாளர்கள், வாட்ச்மேன், கேன்டீன் அண்ணன், முன்னாள் மாணவர்கள் என்று ஒவ்வொருவரிடமும் நேரில் கேளுங்கள். வருடக்கணக்காக அந்த நாயைப் பார்த்துவரும் ஒருவர் தத்தெடுப்பதுதான் இருப்பதிலேயே பாதுகாப்பான தத்து.

இனிக் காப்பக வேலை. கூண்டு கழுவுவதைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள், அது பெரிய உதவி. ஆனால் ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் வருவார்கள். செவ்வாயும் புதனும்தான் ஆள் இருக்காது. வகுப்பு மதியமே முடியும் நாள் ஒன்று வாரத்தில் இருந்தால் இரண்டு பேராக அந்த நாளை எடுத்துக்கொள்ளுங்கள். தேர்வுக் காலத்தில் வர முடியாது என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

போன இடத்தில், எல்லோரும் கொஞ்சும் குட்டிகளை விட்டுவிட்டுக் கடைசிக் கூண்டில் சுவரோடு ஒட்டி நிற்கும் நாயிடம் போங்கள். அதைத் தொட வேண்டாம், கண்ணோடு கண் பார்க்கவும் வேண்டாம். உள்ளே போய் முதுகைக் காட்டி உட்கார்ந்து, உங்கள் காஸ்ட் அக்கவுண்டிங் பாடத்தை வாய்விட்டுப் படியுங்கள். அவ்வப்போது திரும்பிப் பார்க்காமலே வேகவைத்த கோழித் துண்டு ஒன்றைப் பின்னால் போடுங்கள். முதல் நாள் நீங்கள் வெளியே வந்த பிறகுதான் தின்னும். பிறகு நீங்கள் இருக்கும்போதே தின்னும். ஒருநாள் உங்கள் துப்பட்டா நுனியை முகர்ந்து பார்க்கும். அப்போதும் திரும்பாதீர்கள், படித்துக்கொண்டே இருங்கள். அதன் பிறகு கழுத்துப்பட்டை, அதன் பிறகு கயிறு பிடித்து நடப்பது.

இன்னொன்றும் செய்யலாம். தெருவில் பிறந்த நாய் லாரி ஹாரனுக்கு அசையாது, குக்கர் விசிலுக்கு நடுங்கிவிடும். மிக்ஸி, காலிங் பெல், தலைக்கு மேல் சுற்றும் ஃபேன், மொசைக் தரையின் வழுக்கல் எல்லாமே அதற்குப் புதுசு. "ராத்திரி முழுக்கக் கட்டிலுக்கு அடியிலேயே கிடக்குது, எங்களுக்குச் சரிப்படாது" என்று திருப்பிக் கொடுப்பவர்களில் பலர் இந்தப் பயத்தைத்தான் பார்த்திருப்பார்கள். குக்கர், மிக்ஸிச் சத்தங்களை ஃபோனில் பதிவு செய்துபோய், சோறு வைக்கும் நேரத்தில் ரொம்ப மெதுவாக ஓடவிடுங்கள். நாய் நிம்மதியாகத் தின்றால் மட்டும் அடுத்த முறை கொஞ்சம் கூட்டுங்கள். சம்பளத்துக்கு இருக்கும் இரண்டு மூன்று பேருக்கு இதற்கெல்லாம் நேரமே கிடைக்காது. மாணவர்கள் செய்தால் ஒரு நாய்க்கு வீடு நிலைக்கும்.

உங்கள் பாதுகாப்பையும் பாருங்கள். நாய்களோடு புழங்குகிறவர்கள் ரேபிஸுக்கு முன்கூட்டியே போட்டுக்கொள்ளும் தடுப்பூசி உண்டு, மருத்துவரைக் கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள். காப்பகத்துக்கென்று ஒரு ஜோடி செருப்பைத் தனியாக வையுங்கள். நாய்க்குட்டிகளைக் கொல்லும் பார்வோ கிருமி செருப்பில் ஒட்டிக்கொண்டு உங்கள் தெருக் குட்டிகளுக்குப் போய்விடும்.

"மனுஷனுக்கே வழியில்ல" என்பவர்கள் மேல் கோபப்படாதீர்கள். அவர்கள் வீட்டில் நாய்க்கடி வாங்கிய குழந்தை இருக்கலாம். உலக சுகாதார நிறுவனக் கணக்குப்படி ரேபிஸ் சந்தேகமுள்ள விலங்கிடம் கடிபடுகிறவர்களில் 40 சதவீதம் பேர் பதினைந்து வயதுக்கு உட்பட்டவர்கள். நோயின் அறிகுறி வந்துவிட்டால் அநேகமாக யாருமே பிழைப்பதில்லை. அதே சமயம், ஒரு பகுதியின் நாய்களில் 70 சதவீதத்துக்குத் தடுப்பூசி போட்டுவிட்டால் அங்கே நோய் பரவுவது நின்றுவிடும். சென்னை மாநகராட்சி 1996 வரை தெருநாய்களை மின்சாரம் பாய்ச்சிக் கொன்றுவந்தது. எத்தனை கொன்றும் தெருவில் நாய்கள் இருந்துகொண்டேதான் இருந்தன. 1959-இல் கேப்டன் சுந்தரம் தொடங்கிய புளூ கிராஸ் என்ற விலங்குநல அமைப்பு 1964-லேயே கருத்தடைதான் வழி என்று வேலையை ஆரம்பித்துவிட்டது. மாநகராட்சி அந்த வழிக்கு வர முப்பது வருடத்துக்கு மேல் ஆனது. நாய்க்கு ஊசி போடப் பிடித்துக்கொடுக்கிற மாணவி அந்தத் தெருக் குழந்தைகளைத்தான் காப்பாற்றுகிறாள்.

உங்கள் அடுத்த என்எஸ்எஸ் சிறப்பு முகாம் ஏதாவது கிராமத்தில்தான் நடக்கும். ஏழு நாளில் ஒரு காலையை அந்த ஊர்ப் பள்ளிக்கு ஒதுக்குங்கள். நாய் கடித்தால் மிளகாய்த்தூள், சுண்ணாம்பு, காப்பித்தூள் எதையும் அப்பக்கூடாது. ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும். அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும், எல்லா ஊசியையும் விடாமல் போட்டுக்கொள்ள வேண்டும். அடி விழும் என்று பயந்து கடிபட்டதை மறைக்கும் பிள்ளைகள் உண்டு. "அம்மாகிட்ட உடனே சொல்லணும்" என்பதை அவர்களையே திரும்பத் திரும்பச் சொல்லவையுங்கள்.

சான்றிதழைப் பற்றிக் கவலை வேண்டாம். இரண்டு வருடத்துக்கு 240 மணி நேரம் என்பது திட்டத்தின் விதி, அதை வாங்குவதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. மணிக்கணக்கு முடிந்த மறுவாரமும் நீங்கள் அங்கே போனால் கூண்டில் இருக்கும் நாய்க்கு அது போதும்.

அம்மா சொல்வதையும் ஒருமுறை யோசித்துப் பாருங்கள். வீட்டுக்குள் ஏறக்கூடாது என்றுதான் சொல்லியிருக்கிறார், வாசலில் இருக்கக்கூடாது என்று சொல்லவில்லை. உங்கள் வீட்டில் திண்ணையோ, மழைக்கு ஒதுங்கச் சாய்ப்போ, சுற்றுச்சுவரோ இருந்தால் மணிக்கு அது தாராளம். ஃபோனில் கேட்காதீர்கள். அம்மா சென்னைக்கு வரும்போது கல்லூரிக்குக் கூட்டிப்போய் மணியைக் காட்டுங்கள். அவர் வேண்டாம் என்றால் அதோடு விட்டுவிடுங்கள், ஏனென்றால் தினமும் சோறு வைக்கப்போவது அவர்தான். அந்த ஐந்து நாய்களின் குறிப்புகளையும் படங்களையும் எனக்கு அனுப்புங்கள், இங்கேயே வெளியிடுகிறேன். நாய் பிடிக்கிறவர்கள் எந்தத் தேதியில் வருகிறார்கள் என்பதைக் கல்லூரி அலுவலகத்தில் கேட்டு அதையும் எழுதுங்கள். அதற்குள் எத்தனை பேருக்கு வீடு கிடைக்கும் என்று பார்ப்போம்.

அன்புடன்,
அக்கா