விளையாட்டுக் கேள்வி – பதில்: முன்வரிசையில் நின்று பிழைப்பது

கேள்வி: றக்பியில் ப்ரொப் (ஸ்க்ரம்மின் முன்வரிசை) ஆடுகிறேன். வயது 19, எடை 112 கிலோ. அமெரிக்க உதைபந்தாட்டத்தில் டிஃபென்ஸிவ் லைன்மேனாக (தடுப்பு முன்வரிசை வீரராக) வர இந்த உடம்பு போதுமா? ஸ்க்ரம்மில் பழகியது அங்கே கைகொடுக்குமா?
– கல்லூரி மாணவர், கட்டுகஸ்தோட்டை

பதில்: இன்னும் கொஞ்சம் எடை ஏற்றவேண்டும்தான். ஆனால் எடையை மட்டும் நம்பி அங்கே யாரும் நிலைத்ததில்லை. அந்த வரிசையில் ஆடிய அரோன் டொனல்ட் 6 அடி 1 அங்குலம், ஏறத்தாழ 127 கிலோ. அந்த இடத்துக்கு அது சின்ன உடம்பு. அமெரிக்கத் தொழில்முறை லீக்கான NFL-இன் கழகங்கள் புதிய வீரர்களை வரிசையாகத் தெரிவுசெய்யும் ட்ராஃப்டில், 2014இல் 13ஆவது ஆளாக எடுக்கப்பட்டவர், 10 பருவங்களில் 111 சாக் எடுத்தார். (எதிரணியின் குவார்ட்டர்பெக், அதாவது பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர், அதை எறியுமுன் அவரை விழுத்துவதுதான் சாக்.) ஆண்டின் சிறந்த தடுப்பு வீரர் விருது 2017, 2018, 2020 என மூன்று முறை கிடைத்தது.

ஸ்க்ரம்மில், அதாவது இரு அணியும் கோத்துத் தள்ளும் இடத்தில், வளர்ந்த இடுப்பும் தாழ்ந்து நிற்கும் பழக்கமும் உதவும். நடுவர் சொன்னதும் தள்ளும் பழக்கத்தைக் கழற்றி வைத்துவிடுங்கள். குவார்ட்டர்பெக் தொண்டை கிழியக் கத்துவதில் பாதி உங்களை ஏமாற்றத்தான். குரலுக்கு அசைந்து, பந்து இருக்கும் கோட்டைத் தாண்டினால் 5 யார் தண்டம். காதை மூடிக்கொண்டு கண்ணைப் பந்தில் வையுங்கள். பந்து அசைந்தால் நீங்களும் அசையவேண்டும்.

நிற்கும் முறை இதுதான்: கால்கள் தோள் அகலத்தில், ஒன்று சற்றுப் பின்னே. ஒரு கை நிலத்தில். இடுப்பு தலையைவிடக் கொஞ்சம் உயரத்தில். முதல் அடி ஒரு சாணுக்குள் இருக்கட்டும். புதியவர்கள் வேகம் காட்ட நினைத்து அகல எட்டு வைப்பார்கள். உடனே நெஞ்சு நிமிரும், எதிராளியின் கை அடியில் புகும், அத்தோடு கதை முடிந்தது. உள்ளங்கையின் அடிப்பாகம் எதிராளியின் மார்புக் கவசத்தில் இறங்கவேண்டும். பெருவிரல் மேல்நோக்கி, முழங்கை விலாவோடு ஒட்டி. உங்கள் கை வெளிப்பக்கம் போனால் அவர் உங்கள் மார்பைப் பிடித்துவிடுவார். உள்ளே பிடிக்கிற பிடியை நடுவர்கள் அவ்வளவு சுலபத்தில் தண்டிப்பதில்லை. இன்னொரு பெரிய குறை, பந்து எங்கே என்று எட்டிப் பார்க்க எழுந்து நிற்பது. முதலில் முன்னால் நிற்பவரைக் கைக்குள் கொண்டுவாருங்கள், பிறகு தேடலாம்.

உள்ளே போக வழி? NFL வெளிநாட்டவருக்கென 2017இல் தொடங்கிய சர்வதேச வீரர் திட்டம் இருக்கிறது. அதில் வந்த எஃபே ஒபாடா 2018இல் கரோலினா பெந்தர்ஸின் 53 பேர் கொண்ட அணியில் இடம்பிடித்தார்; அவர் டிஃபென்ஸிவ் எண்ட் (தடுப்பு வரிசையின் ஓரத்தில் நிற்பவர்). அவுஸ்திரேலிய றக்பி லீக் வீரர் ஜோர்டன் மைலாட்டாவை, அமெரிக்க உதைபந்தாட்டத்தில் ஒரு போட்டிகூட ஆடாத நிலையில், அதே ஆண்டு பிலடெல்பியா கழகம் ட்ராஃப்டில் 233ஆவதாக எடுத்தது. ஆனால் அவரை ஆடவைத்தது எதிர்ப்பக்க வரிசையில், குவார்ட்டர்பெக்கைக் காக்கும் இடத்தில். உங்களுக்கும் அப்படிச் சொல்லக்கூடும், மறுக்காதீர்கள். வேல்ஸின் பிரபல றக்பி வீரர் லூயிஸ் ரீஸ்-சமிட் 2024இல் போய் அடுத்த ஆண்டே றக்பிக்குத் திரும்பிவிட்டார் என்பதையும் நினைவில் வையுங்கள்.

கேள்வி: ஒரு நோஸ் டெக்கிளுக்குப் பருவம் முழுக்க ஒரே ஒரு சாக். அவரை ஏன் சம்பளம் கொடுத்து வைத்திருக்கிறார்கள்?
– வாசகி, தலவாக்கலை

பதில்: அவர் தடுப்பு வரிசையின் நடு ஆள்; வேலை எதிரணியின் இரண்டு பேரைக் கட்டிவைப்பது. பந்தைப் பின்னால் கொடுக்கும் சென்டருக்கு நேர் எதிரே நிற்பார். பயிற்றுவிப்பாளர்கள் அந்த இடத்துக்கு 0 என்று எண் போடுவார்கள். சென்டருக்குப் பக்கத்தில் நிற்கும் கார்டின் வெளித்தோளுக்கு 3, கார்டுக்கும் அப்பால் நிற்கும் எதிரணி டெக்கிளின் வெளித்தோளுக்கு 5. இரண்டு பேர் சேர்ந்து தள்ளும்போது 0 ஆள் ஒரு யார் பின்வாங்கினாலும் பின்னால் நிற்கும் தன் அணியின் தடுப்பு வீரரான லைன்பெக்கருக்கு வழி அடைபடும். அதனால் இரண்டாம் ஆள் வரும் பக்கத்து முழங்காலை நிலத்தை நோக்கி இறக்கி, அந்த இடத்திலேயே ஒரு குவியலை உண்டாக்கிவிடுவார். இது எந்த அட்டவணையிலும் வராது. சாக் பட்டியலின் உச்சியில் இருப்பவர்கள் பெரும்பாலும் ஓரத்து ஆட்கள்தான்: புரூஸ் ஸ்மித் 200, ரெஜி வைட் 198. அதுவும் 1982 முதல்தான் உத்தியோகபூர்வக் கணக்கு. அதற்கு முந்தைய டீக்கன் ஜோன்ஸ் அதில் இல்லை என்பது அநியாயம்.

கேள்வி: பண்டாரவளையிலிருந்து இந்த NFL போட்டிகளை நேரடியாகப் பார்க்க எத்தனை மணிக்கு உட்காரவேண்டும்?

பதில்: ஞாயிறு பகல் போட்டிகள் நமக்கு இரவு 10.30க்கு; நவம்பரில் அவர்கள் கடிகாரத்தை மாற்றியதும் 11.30. பருவத்தின் இறுதிப் போட்டியான சுப்பர் போல் திங்கள் அதிகாலை 5 மணிக்கு. லீவு போடவேண்டியதில்லை, வேலைக்குப் பிந்தவேண்டி வரலாம்.

கேள்வி: கோடிக்கணக்கில் ஒப்பந்தம் என்கிறார்கள், இரண்டே வருடத்தில் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். எப்படி?
– ஆசிரியர், ஹட்டன்

பதில்: உத்தரவாதத் தொகையைப் பாருங்கள். 2018இல் டொனல்ட் கையெழுத்திட்டது 6 ஆண்டு, 135 மில்லியன் டொலர். அதில் உத்தரவாதம் 87 மில்லியன். மீதி, அணியில் இருந்தால்தான். கையெழுத்துப் பணம் முதலிலேயே வந்துவிடும், ஆனால் கழகத்தின் சம்பள உச்சவரம்புக் கணக்கில் அது 5 ஆண்டுகள் வரை பிரித்து எழுதப்படும். முதல் ஆண்டிலேயே நீக்கினால் எழுதாத பாக்கியெல்லாம் கழகத்தின் தலையில் விழும். பாக்கி குறையக் குறைய நீக்குவது சுலபம்.

ட்ராஃப்டில் வந்தவருக்கு முதல் ஒப்பந்தம் 4 ஆண்டு. முதல் சுற்றுக்காரருக்கு ஐந்தாம் ஆண்டைச் சேர்க்கும் உரிமை கழகத்துக்கு. ஓய்வூதிய உரிமைக்கு 3 பருவம் வேண்டும் என்பதால் விளிம்பில் நிற்பவருக்கு அந்த மூன்றாம் பருவம்தான் உயிர். ஆட்டத்தில் காயப்பட்டவரைச் சும்மா அனுப்ப முடியாது: காயப்பட்டியலில் வைத்துச் சம்பளம் கொடுக்கவேண்டும், அல்லது ஒரு தொகை பேசித் தீர்க்கவேண்டும். கழக வைத்தியர் “சுகம்” என்றால் வேறொரு வைத்தியரிடம் காட்டும் உரிமையும் வீரருக்கு உண்டு.