ஏரியில் ஆப்பிரிக்கக் கெளுத்தி மிச்சம் இருக்கிறதா? – வாசகர் கேள்வி, பதில்

கேள்வி: எங்கள் ஏரியில் ஆப்பிரிக்கக் கெளுத்தி பெருகி, விட்ட கட்லா, ரோகு குஞ்சுகளையெல்லாம் தின்றுவிட்டது. கோடையில் தண்ணீரை இறைத்து, வலை போட்டு அள்ளினோம். இப்போது வலையில் ஒன்றும் விழவில்லை. நம்பிக் குஞ்சு விடலாமா? தண்ணீரில் டி.என்.ஏ. சோதனை செய்தாலே தெரிந்துவிடும் என்கிறார்களே?
– வாசகர், காவேரிப்பட்டணம்

பதில்: வலையை மட்டும் நம்பி விடாதீர்கள். 2000-ஆம் ஆண்டிலேயே மத்திய அரசு தடை செய்த மீன் இது. காற்றையும் சுவாசிக்கும் என்பதால் ஏரி வற்றினாலும் ஈரச் சேற்றுக்குள் கிடந்து உயிர் பிழைக்கும். மழை இரவில் ஈரத் தரையில் ஊர்ந்து பக்கத்துக் குட்டைக்குப் போய்விடும். தப்பியது ஒரு ஜோடிதான் என்றாலும் அடுத்த மழைக்கு ஏரி பழைய நிலைக்கு வந்துவிடும்.

தண்ணீர்ச் சோதனை உண்மையிலேயே உதவும். மீனின் வழவழப்பு, கழிவு, உதிரும் செல்கள் வழியாக அதன் டி.என்.ஏ. நீரில் கலந்துகொண்டே இருக்கிறது. நீரை வடிகட்டி, அந்த இனத்துக்கே உரிய டி.என்.ஏ. துண்டு இருக்கிறதா என்று, துண்டைப் பல மடங்கு பெருக்கிக் காட்டும் பி.சி.ஆர். கருவியில் பார்ப்பார்கள். பிரான்சின் குளங்களில் அமெரிக்கக் காளைத்தவளையை இந்த முறையில் கண்டறிந்ததை 2008-இல் வெளியிட்டார்கள். அதுவும் வெளியிலிருந்து வந்து உள்ளூர் உயிர்களைத் தின்னும் பிராணிதான்.

பெரும்பாலோர் தவறுவது நீர் மாதிரி எடுக்கும் நாளில். மீனை அள்ளிய மறுநாளே நீர் எடுத்தால் ‘உண்டு’ என்றுதான் வரும். செத்த மீனும் டி.என்.ஏ. விடும். நீரில் கலந்தது சில நாள் முதல் இரண்டு வாரத்துக்குள் சிதைந்துவிடும். சேற்றில் படிந்தது மாதக்கணக்கில் கிடக்கும். அதனால் செத்த மீனையெல்லாம் அகற்றி, மூன்று நான்கு வாரம் விட்டு எடுங்கள். ஏரிக்குள் இறங்கிச் சேற்றைக் கலக்காமல், நீளக் கம்பில் புட்டியைக் கட்டிக் கரையிலிருந்தே மொள்ளுங்கள். மதகை ஒட்டிய பள்ளம், கோரை மண்டிய ஓரம், வரத்துக் கால்வாய் வாய் ஆகிய மூன்றையும் விடாதீர்கள்.

எத்தனை மாதிரி? கெளுத்தி இருந்தும் ஒரு புட்டியில் அகப்படும் வாய்ப்பு 30 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். மூன்று புட்டி எடுத்தால் அத்தனையும் ஏமாற்ற 34 சதவீத வாய்ப்பு. ஐந்து எடுத்தால் 17. பத்து எடுத்தால் 3-க்கும் கீழே. ஒரே ஒரு புட்டி எடுத்து ‘இல்லை’ என்று வந்த காகிதத்தை வைத்துக் குஞ்சு வாங்கப் போகாதீர்கள். இன்னொன்று: அடுத்த முறை மீனை அள்ளுவதற்கு முன்பும் மாதிரி எடுத்து வையுங்கள். மீன் இருந்தபோதே சோதனை ‘உண்டு’ என்று காட்டியிருந்தால்தான், பிறகு வரும் ‘இல்லை’க்கு மதிப்பு.

கேள்வி: கல்லூரித் திட்டத்துக்கு ஏரி நீர் எடுத்தோம். வெறும் காய்ச்சி வடித்த நீரிலும் ‘உண்டு’ என்று வந்தது. செம்மண் கலங்கல் நீரில் வடிகட்டியும் அடைத்துக்கொள்கிறது. தவறு எங்கே?
– முதுகலை மாணவி, பாலக்கோடு

பதில்: வெறும் நீரிலும் ‘உண்டு’ என்றால் கெளுத்தியின் டி.என்.ஏ. உங்கள் கையிலோ, புட்டியிலோ, ஆய்வகத்திலோ ஒட்டியிருக்கிறது. அந்தத் தொகுதி முழுவதையும் ஒதுக்கிவிட்டுப் புதிதாக எடுங்கள். மனம் வராதுதான், ஆனால் வேறு வழியில்லை. அன்று மீன் தொட்டவர் மாதிரி எடுக்கக் கூடாது. ஈர வலை ஏற்றிய வண்டியில் புட்டிகளை வைக்கக் கூடாது. ஒவ்வோர் இடத்துக்கும் புதுக் கையுறை. திரும்பப் பயன்படுத்தும் சாமான்களை, ஒரு பங்கு பிளீச் திரவத்துக்கு ஒன்பது பங்கு நீர் கலந்து பத்து நிமிடம் ஊறவைத்து, பிறகு நன்றாக அலசுங்கள். பிளீச் மிச்சமிருந்தால் அடுத்த மாதிரியின் டி.என்.ஏ.வையும் சிதைத்துவிடும், அப்போது மீன் இருந்தும் ‘இல்லை’ என்று வரும்.

கலங்கிய நீர் 0.45 மைக்ரான் வடிகட்டியில் சில நூறு மில்லியிலேயே நின்றுவிடும். சிரிஞ்சை அழுத்தி நெட்டாதீர்கள், தாள் கிழியும். ஒரு லிட்டரை இரண்டு மூன்று வடிகட்டிகளில் பிரித்து ஓட்டுங்கள். அல்லது அகலக் கண் உள்ளதை எடுத்து அதிக நீர் ஓட்டுங்கள். தெளியட்டும் என்று புட்டியை வைத்துவிட்டால், மண்ணோடு டி.என்.ஏ.வும் அடியில் போய்விடும். ஐஸ் பெட்டியில் வைத்து, 24 மணி நேரத்துக்குள் வடிகட்டிவிட வேண்டும்.

இலைதழை அழுகிய நீரில் உள்ள ஹியூமிக் அமிலம் பி.சி.ஆர். வினையையே தடுக்கும். கட்டுப்பாட்டு டி.என்.ஏ. (கட்டாயம் ‘உண்டு’ என்று காட்ட வேண்டிய, தெரிந்த டி.என்.ஏ.) ஒன்றையும் சேர்த்து ஓட்டச் சொல்லுங்கள். அதுவும் வேலை செய்யவில்லை என்றால் மாதிரியிலிருந்து பிரித்தெடுத்த டி.என்.ஏ. சாற்றைப் பத்து மடங்கு நீர்த்துத் திரும்ப ஓட்ட வேண்டும்.

கேள்வி: எத்தனை மீன் இருக்கிறது என்றும் தண்ணீர்ச் சோதனை சொல்லுமா?
– வாசகர், பென்னாகரம்

பதில்: சொல்லாது. உயிருள்ளதா, செத்ததா, பெரியதா, குஞ்சா என்பதும் தெரியாது.

கேள்வி: ஒருமுறை ஒழித்த குளத்தில் மறுபடி கெளுத்தி தலைகாட்டினால், தப்பியதா, புதிதாக வந்ததா?
– வாசகர், ஓசூர்

பதில்: ஒழிப்பு வேலையின் தரத்தைச் சொல்லும் கேள்வி இதுதான். எத்தனை கிலோ அள்ளினோம் என்ற கணக்கு அதைச் சொல்லாது. தப்பியது என்றால் நம் இறைப்பும் வலையும் போதவில்லை. புதிதாக வந்தது என்றால் வேலை சரி, வாசல்தான் திறந்திருக்கிறது. நெடுங்கல் அணைக்கட்டிலிருந்து பாரூர் ஏரிக்கு நீர் வருவதுபோல ஆற்றுக் கால்வாயோடு தொடர்புள்ள ஏரி என்றால், வரத்து வாயில் கண் சிறிய வலை கட்டாமல் எத்தனை முறை இறைத்தும் பயனில்லை. யாராவது குஞ்சு கொண்டுவந்து விட்டிருந்தால் வலையும் உதவாது. ஊரில் பேசித்தான் நிறுத்த வேண்டும்.

இதற்குத் தண்ணீர் போதாது, மீனின் திசு வேண்டும். அள்ளும்போதே 30, 40 மீன்களின் துடுப்பு ஓரத்தில் அரை சென்டிமீட்டர் வெட்டி, துண்டைப்போல நான்கைந்து மடங்கு எத்தனாலில், மீனுக்கு ஒரு குப்பியாக வைத்து, தேதியும் இடமும் பென்சிலால் எழுதுங்கள். பேனா மை எத்தனாலில் கரைந்துவிடும். எத்தனாலுக்கு உரிமம் தேவை. கல்லூரி அல்லது ஆய்வகம் மூலமாக வாங்குங்கள். ஒவ்வொரு மீனுக்கும் கத்தரிக்கோலைத் துடைத்துப் பிளீச்சில் தோய்த்து அலசுவது முக்கியம். பிறகு பிடிபடும் மீன் பழைய கூட்டத்தின் பிள்ளையா, வேறு வம்சமா என்பதை மைக்ரோசாட்டிலைட் குறிகளை (டி.என்.ஏ.வில் திரும்பத் திரும்ப வரும், வம்சத்துக்கு வம்சம் மாறும் சிறு துண்டுகளை) ஒப்பிட்டு அறியலாம். வெளிநாடுகளில் நரி, கீரியினப் பிராணிகளை ஒழிக்கும்போது எச்சத்திலும் மயிரிலும் இதையே பார்க்கிறார்கள்.

ஒரு எச்சரிக்கை. வழக்கமான தண்ணீர்ச் சோதனை, செல்லின் உட்கருவுக்கு வெளியே உள்ள மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ.வைத்தான் தேடும், அது தாய்வழியில் மட்டுமே வரும். நாட்டுக் கெளுத்தித் தாய்க்கும் ஆப்பிரிக்கத் தந்தைக்கும் பிறந்த கலப்பினம், சோதனையில் நாட்டுக் கெளுத்தியாகவே தெரியும். கலப்பினக் குஞ்சு நடமாடும் சந்தேகம் இருந்தால், உட்கரு டி.என்.ஏ.வையும் பார்க்கும்படி மாதிரி கொடுக்கும்போதே எழுதிக் கொடுங்கள்.