தருமபுரித் தங்கைக்கு: எட்டுப் பல்லையும் ராவுவதற்கு முன்

வணக்கம் தங்கச்சி. சின்ன வயதிலிருந்து போர்வெல் தண்ணீர் குடித்து முன்பற்களில் பழுப்புக் கறை, மூன்று மாதத்தில் கல்யாணம், மருத்துவர் எட்டுப் பல்லுக்கு வெனீர் (பல்லின் முன்பக்கத்தில் ஒட்டும் மெல்லிய ஓடு) போடச் சொல்கிறார், தூக்கத்தில் பல் கடிக்கும் பழக்கமும் உண்டு என்று எழுதியிருந்தீர்கள்.

அவசரப்படாதீர்கள். பீங்கான் வெனீருக்குப் பெரும்பாலும் எனாமலை, அதாவது பல்லின் கெட்டியான மேல்பூச்சை, அரை மில்லிமீட்டர் அளவுக்கு ராவி எடுப்பார்கள். நகம் மாதிரி அது திரும்ப வளராது. வெனீர் 10, 15 வருடம் உழைக்கும், அப்புறம் மாற்ற வேண்டும். உங்கள் வயதுக்கு இன்னும் இரண்டு மூன்று தடவை வரும். செலவையும் அப்படியே கணக்குப் போடுங்கள்.

உங்களுடையது போர்வெல் தண்ணீரில் இருக்கும் ஃப்ளோரைடு உப்பால் வந்த கறையாக இருந்து, அது லேசானதென்றால் எனாமலின் மேலடுக்கில்தான் இருக்கும். மைக்ரோ அப்ரேஷன் என்று மெல்லத் தேய்த்தெடுத்து, கூடவே பிளீச் செய்தாலே நிறைய மங்கும். முதலில் அதைக் கேளுங்கள். மிஞ்சும் ஒன்றிரண்டு பல்லுக்குக் காம்போசிட் என்ற பல் நிறப் பூச்சு போதும்.

பல் கடிப்பதைக் கட்டாயம் சொல்லிவிடுங்கள். எனக்கும் அந்தப் பழக்கம் உண்டு; நான் வெனீர் போட்டபோது என்னிடம் யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இரண்டாம் வருடம் ஒரு காலையில் நாக்கில் ஏதோ கூராக உரசியது. கண்ணாடியில் பார்த்தால் வெனீரின் ஓரம் பிறை வடிவில் உடைந்திருந்தது. இப்போது நைட் கார்டு (தூங்கும்போது பல்லில் மாட்டும் பாதுகாப்பு உறை) போடாமல் படுப்பதில்லை.

வெனீர்தான் என்று முடிவானால், ராவுவதற்கு முன்பே மாதிரியை வாயில் வைத்துக் காட்டச் சொல்லி, வாசல் வெளிச்சத்தில் பாருங்கள். பிளீச்சும் அதற்கு முன்பே. பீங்கானின் நிறம் பிறகு மாறாது. ஈறில் ரத்தம் கசிந்தால் முதல் வைத்தியம் அதற்குத்தான்.