வங்கி பிடித்த கட்டணத்தை டர்பனில் திரும்பக் கேட்பது எப்படி?

தம்பிக்கு வணக்கம். நீங்கள் எழுதியதிலிருந்து நான் புரிந்துகொண்டது இதுதான். நீங்கள் நிறுத்திவிட்ட உடற்பயிற்சிக் கூடத்தின் சந்தா இன்னும் மாதந்தோறும் டெபிட் ஆர்டராக, அதாவது கூடத்துக்காரர்களே உங்கள் கணக்கிலிருந்து பணம் எடுத்துக்கொள்ளும் கோரிக்கையாக, வந்துகொண்டிருக்கிறது. கணக்கில் பணம் போதாமல் அது திரும்பிப் போகும்போதெல்லாம் வங்கி அதற்கென ஒரு கட்டணம் பிடிக்கிறது. இதற்கிடையில் கணக்கின் மாதக் கட்டணத்தையும் உயர்த்திவிட்டார்கள். பிரிட்டனில் பலர் இத்தகைய கட்டணங்களை ஸ்மால் கிளெய்ம்ஸ் கோர்ட் எனும் சிறு தொகை வழக்குகளுக்கான நீதிமன்றத்தில் வழக்குப் போட்டு மீட்டதாகப் படித்திருக்கிறீர்கள். இங்கே தென்னாப்பிரிக்காவிலும் அது நடக்குமா, வேலை விசாவில் இருப்பவர் வழக்குப் போடலாமா என்று கேட்கிறீர்கள்.

வழக்குப் போடலாம். 1984ஆம் ஆண்டுச் சட்டப்படி நடக்கும் இந்த நீதிமன்றத்தில் தனிமனிதர் எவரும் வழக்குத் தொடுக்கலாம். குடியுரிமை ஒரு நிபந்தனையே அல்ல. கம்பெனிகள் இங்கே வழக்குத் தொடுக்க முடியாது, ஆனால் அவற்றின்மீது தொடுக்க முடியும். இரு தரப்பிலும் வக்கீல் பேசக் கூடாது என்பதால், வங்கியும் தன் ஊழியர் ஒருவரைத்தான் அனுப்பியாக வேண்டும். 2019 ஏப்ரல் முதல் உச்சவரம்பு 20,000 ரேண்ட். உங்கள் தொகை அதற்குள் தாராளமாக அடங்கிவிடும்.

ஆனால் பிரிட்டன் கதையை அப்படியே இங்கே கொண்டுவராதீர்கள். அங்கே 2006, 2007ஆம் ஆண்டுகளில் ஏராளமானோர் அப்படிப் பணம் பெற்றது உண்மைதான். ஆயினும் 2009 நவம்பரில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், ஓவர்டிராஃப்ட் கட்டணங்கள், அதாவது கணக்கில் இருப்பதற்குமேல் பணம் போகும்போது பிடிக்கும் கட்டணங்கள், கணக்குச் சேவைக்கான விலையின் ஒரு பகுதி என்றும், அவற்றின் அளவு நியாயமானதா என்பதை நுகர்வோர் விதிகளின்கீழ் அந்த வழியில் ஆராய முடியாது என்றும் தீர்ப்பளித்தபின் அந்த வேகம் அடங்கிவிட்டது. நீங்கள் படித்த கட்டுரைகளில் பல அதற்கு முந்தியவையாக இருக்கக்கூடும். தென்னாப்பிரிக்காவிலும் கட்டணம் அதிகம் என்ற புலம்பல் புதிதல்ல. வணிகப் போட்டியைக் கண்காணிக்கும் போட்டி ஆணையம் நீதிபதி தபானி ஜாலி தலைமையில் அமைத்த குழு 2008லேயே, திரும்பிப்போகும் டெபிட் ஆர்டருக்கான கட்டணத்துக்கு 5 ரேண்ட் உச்சவரம்பு விதிக்கப் பரிந்துரைத்தது. பரிந்துரை சட்டமாகிவிடாது என்பதால், அந்த அறிக்கையை மட்டும் கையில் பிடித்துக்கொண்டு நீதிமன்றம் போவதில் பயனில்லை.

ஆகவே உங்கள் ஸ்டேட்மென்ட்டை எடுத்து ஒவ்வொரு பிடித்தமும் யார் செய்த தவறால் வந்தது என்று பிரித்து எழுதுங்கள். மாதக் கட்டண உயர்வை விட்டுவிடுங்கள். வங்கிகள் ஆண்டுதோறும் கட்டணப் பட்டியலை வெளியிட்டு அறிவிப்பும் அனுப்பிவிடுகின்றன, அங்கே உங்களுக்கு வழக்கு நிற்காது. சந்தாவும், அது திரும்பிப்போனதால் விழுந்த கட்டணமும் வேறு வகை. 2008ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 14ஆம் பிரிவுப்படி, குறித்த கால ஒப்பந்தத்தைக்கூட 20 வேலை நாள் அறிவிப்புக் கொடுத்து முறித்துக்கொள்ளலாம். கூடத்துக்காரர்கள் நியாயமான ஒரு ரத்துத் தொகையைக் கேட்கலாமே தவிர, தொடர்ந்து பணம் எடுக்க உரிமை இல்லை. எனவே, அறிவிப்புக் காலம் முடிந்தபின் எடுத்த சந்தாவுக்கும், அதனால் வங்கியில் உங்களுக்கு ஏற்பட்ட கட்டணத்துக்கும் முதல் பொறுப்பாளி அந்தக் கூடமே என்பது என் உறுதியான எண்ணம். பலர் கோபத்தில் வங்கியை மட்டும் துரத்தி, எளிதில் கிடைக்க வேண்டிய பணத்தை இழந்துவிடுகிறார்கள்.

வங்கியின் பொறுப்பு, நீங்கள் அதனிடம் நிறுத்தச் சொன்ன நாளில் தொடங்குகிறது. உங்கள் அனுமதியில்லாத டெபிட் ஆர்டரை 40 நாட்களுக்குள் வங்கியின் செயலியிலேயே மறுத்துப் பணத்தைத் திரும்பப் பெறலாம். அதை இன்றே செய்துவிடுங்கள். அதற்கு முந்தியவற்றுக்கு, கூடத்துக்காரர்கள் வைத்திருக்கும் அனுமதிச் சான்றை வங்கிவழியாகக் கேட்க வேண்டியிருக்கும். எல்லாவற்றையும் எழுத்தில் கேளுங்கள். தொலைபேசியில் எவ்வளவு இனிமையாகப் பேசினாலும் அது சாட்சியாகாது.

இதேபோன்ற ஒரு வழக்கில் நான் வாதியாக இருந்தேன். கமிஷனர் என்று அழைக்கப்படும் தீர்ப்பாளர், பகலில் தன் வக்கீல் தொழிலைப் பார்த்துவிட்டு மாலையில் ஊதியமின்றி வந்து அமர்ந்திருந்தார். என் ஸ்டேட்மென்ட்டின்மேல் அளவுகோலை வைத்து வரி வரியாக இறக்கிக்கொண்டே வந்தவர், ஓர் இடத்தில் நிறுத்தி, “நிறுத்தச் சொன்னது எந்தத் தேதி?” என்று மட்டும் கேட்டார். கிளையின் தேதி முத்திரை விழுந்த என் கடிதத்தின் நகலை நீட்டினேன். வங்கி ஊழியர் அந்த முத்திரையைப் பார்த்தபின் அதிகம் பேசவில்லை. அந்தத் தேதிக்குப் பிந்திய கட்டணங்கள் எனக்குக் கிடைத்தன; முந்தியவை கிடைக்கவில்லை. அது சரியான தீர்ப்பு என்றே இன்றும் கருதுகிறேன்.

நீதிமன்றத்துக்கு முன், நேஷனல் ஃபைனான்ஷியல் ஒம்பட் ஸ்கீம் என்ற நடுவர் அமைப்பையும் எண்ணிப் பாருங்கள். வங்கிகளுக்கான பழைய ஒம்பட்ஸ்மன் (குறைதீர்ப்பாளர்) அலுவலகம் 2024 மார்ச் முதல் இதனுள் இணைந்துவிட்டது. செலவு கிடையாது. முதலில் வங்கியிடமே முறையிட்டு, அதன் பதில் திருப்தி தராவிட்டால் இங்கே போகலாம். முடிவு பிடிக்காவிட்டாலும் நீதிமன்ற வழி உங்களுக்குத் திறந்தே இருக்கும். ஆனால் வழக்கு ஏற்கெனவே நீதிமன்றத்தில் இருந்தால் அவர்கள் தொடமாட்டார்கள். ஆகவே வங்கியைப் பொறுத்தவரை இந்த வரிசையை மாற்றாதீர்கள். கூடத்தின்மீது வழக்குக்கு இந்தக் காத்திருப்பு தேவையில்லை.

வழக்கின் நடைமுறை எளிது. தொகையையும் காரணத்தையும் சொல்லி, 14 நாள் கெடு வைத்துக் கோரிக்கைக் கடிதம் எழுதி, நேரிலோ பதிவுத் தபாலிலோ சேர்ப்பித்து அத்தாட்சி வைத்துக்கொள்ளுங்கள். கெடு கழிந்தபின், எதிராளி தொழில் நடத்தும் பகுதியின் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்துக்கு, அதாவது டர்பன், சாட்ஸ்வொர்த், வெருலம் போன்றவற்றில் உங்களுக்குப் பொருந்துவதற்குப் போங்கள். அங்குள்ள கிளார்க் சம்மன் தயாரிக்க இலவசமாகவே உதவுவார். அவருடைய பெயர் கோவிந்தர், பிள்ளை என்று இருப்பதைப் பார்த்துத் தமிழில் தொடங்காதீர்கள். 1860 முதல் இந்தியாவிலிருந்து கப்பலேறி வந்தோரின் வழித்தோன்றல்களில் பெரும்பாலோருக்கு இன்று ஆங்கிலமே பேச்சுமொழி, ஆனால் உதவும் மனம் குறைவில்லை. சம்மனில் எதிராளியின் பதிவுபெற்ற முழுப்பெயர், ‘லிமிடெட்’ உட்பட, பிழையின்றி இருக்கட்டும். சம்மனை நீங்களே எதிராளியிடம் கொண்டுபோய்க் கொடுக்கலாம், அல்லது ஷெரிஃப் எனும் நீதிமன்ற அலுவலரிடம் கட்டணம் கட்டி அவர்வழியாகவும் கொடுக்கலாம். நான் ஷெரிஃப்பையே பரிந்துரைப்பேன்.

விசாரணைக்கு முன் சமரசத்துக்கு அழைப்பு வந்தால், முழுத்தொகையும் ஷெரிஃப் செலவும் அடங்கியிருந்தால் எழுத்தில் வாங்கிக்கொண்டு ஒப்புக்கொள்ளுங்கள். தீர்ப்புக்கு மேல்முறையீடு இல்லை என்பது இரு தரப்புக்கும் பொருந்தும் என்பதால், ஆவணங்கள் முழுமையாகும் முன் அவசரப்படாதீர்கள். ஆனால் இத்தகைய கடன்களுக்குக் காலாவதி மூன்று ஆண்டு. நீங்கள் வந்தே இரண்டாண்டு நெருங்குகிறது என்பதால் நேரம் இருக்கிறது. கூடத்துக்கான கோரிக்கைக் கடிதத்தை எழுதி எனக்கு அனுப்புங்கள், பார்த்துத் திருத்தித் தருகிறேன்.